ஈசூன் வீட்டின் சமையலறைச் சுவர்

எந்த வேலைக்குச் செலவழித்தால் வீட்டு விலை ஏறும், எதற்குச் செலவழித்தால் காசு தண்டம் என்பதை ஜாலான் புசாரில் ஒரு ஹோட்டல் அறையில் நடந்த வீட்டு முதலீட்டு வகுப்பில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். சமையலறைச் சுவரை எடுத்துவிட்டால் விலை ஏறும். குளியலறைக்குப் புதுத் தளம் போட்டால் ஏறும். சாமி படத்துக்கென்று அடித்த மாடத்துக்கு ஒரு காசு கிடைக்காது. பேசியவர் கோட்டு போட்டிருந்தார். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

திட்டம் இதுதான். ஈசூனில் இருக்கும் எங்கள் வீவக அரசாங்க அடுக்குமாடி வீட்டை நல்ல விலைக்கு விற்று, தனியார் கட்டிய சின்ன கொண்டோ வீடுகள் இரண்டு வாங்குவது. ஒன்றில் குடியிருந்துகொண்டு மற்றதை வாடகைக்கு விடுவது. முதல் கொண்டோவுக்கு முன்பணம் கட்டிவிட்டேன். கட்டிவிட்டேன் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். கட்டியது என் மனைவி லொரைன். பதினோரு வருஷமாக வீட்டிலேயே சமைத்து, நாற்பது பேருக்கு மதியச் சாப்பாடு கொடுத்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். ஜூன் முடிவதற்குள் ஈசூன் வீட்டை விற்காவிட்டால் அது மொத்தமும் போய்விடும்.

"சுவர இடிச்சுட்டா நான் எங்கங்க தாளிக்கிறது? வீடு பூரா நெடியடிக்கும்."

"நீ ஏன் இனிமே தாளிக்கணும்? வாடகை வரும் லா. கால நீட்டி உக்காரு."

வாங்க வருபவர்கள் இளம் சீனத் தம்பதிகளாகத்தான் இருப்பார்கள் என்று நானே முடிவு கட்டினேன். அவர்களுக்கு நம் மசாலா வாசனை ஆகாது என்பதும் என் சொந்தக் கண்டுபிடிப்புதான். சுவரை இடித்துக் கல் மேடை போட்டேன். மாடத்தைப் பெயர்த்தேன். இயேசுவின் திருஇருதயப் படத்தைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்தேன். பொரிப்பது, வறுப்பது எல்லாவற்றுக்கும் தடை போட்டேன். லொரைன் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்பி, இனிச் சாப்பாடு இல்லை என்று மன்னிப்புக் கேட்டாள்.

நான் நினைத்தபடியே ஒரு சீனத் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் புதுக் கல் மேடையைத் தடவித் தடவிப் பார்த்தாள். அரை மணி நேரத்தில் விலை படிந்தது. அன்று நான் லொரைனைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

நான்கு நாள் கழித்து அந்தப் பெண்ணின் கணவன் போன் செய்தான். "அங்கிள், உங்க புளோக்ல சைனீஸ் கோட்டா ஃபுல். எங்களால வாங்க முடியாது. சாரி அங்கிள்."

ஒவ்வொரு அடுக்குமாடி புளோக்கிலும் எந்த இனத்தவர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று அரசாங்கம் போட்ட ஒரு வரம்பு உண்டு. சீனர்களுக்கான வரம்பு நிரம்பிவிட்டால், இந்தியனான நான் இன்னோர் இந்தியருக்கோ மலாய்க்காரருக்கோதான் விற்க முடியும். ஐம்பத்திரண்டு வருஷம் இந்த ஊரில் இருப்பவனுக்கு இது தெரியாதா? தெரியும். என் புளோக்கைப் பார்க்கத்தான் தோன்றவில்லை. கமிஷன் மிச்சம் என்று ஏஜெண்டும் வைக்கவில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன் இதே வீட்டை ஒரு தமிழரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கினேன். எல்லாம் என் வாய் சாமர்த்தியம் என்று மாதா கோயில் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அந்த மனுஷனுக்கும் சீனருக்கு விற்க முடிந்திருக்காது என்பது இப்போதுதான் மண்டையில் உறைத்தது.

அதன் பிறகு இரண்டு மலாய்க் குடும்பங்கள் வந்தன. மூன்று தமிழ்க் குடும்பங்கள் வந்தன. எல்லாரும் வாசலில் நின்றபடியே ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: சமையலறைக்குச் சுவர் எங்கே? சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவன் நான். பல்லைக் காட்டினேன்.

ஜூன் கடைசி வாரம் வைதேகி என்ற பெண் வந்தாள். கேட்ட விலையில் பெரிய துண்டைக் குறைத்தாள். திரும்பச் சுவர் கட்ட ஆகும் செலவையும் அதில் கழிக்கச் சொன்னாள். சரி என்றேன். இரண்டாவது கொண்டோ அந்தச் 'சரி'யோடு போயிற்று. வந்த விலை முதல் கொண்டோவுக்கே மட்டுமட்டு.

கிளம்பும்போது வைதேகி லொரைனிடம் திரும்பினாள். "வேலைய விட்டுட்டேன்க்கா. சுவரக் கட்டிட்டு, வீட்லயே சமைச்சுக் குடுக்கலாம்னு இருக்கேன். இந்தப் பக்கம் ஆள் கிடைப்பாங்களா?"

எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. லொரைன் கைபேசியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாப்பது பேர் இருக்காங்க. எழுதிக்கம்மா. இந்த அகிலன், நைட் ஷிப்ட். பன்னெண்டு மணிக்கு முன்னாடி மணி அடிக்காத. ரஞ்சிதம் டீச்சருக்கு சுகர், சோறு பாதிதான்."

"லொரைன், வேணாம். புது வீட்டுக்குப் போயி நீயே மறுபடியும் ஆரம்பிக்கலாம்" என்றேன். குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

"அங்க ரெண்டு அடுப்புதாங்க. அதுக்கும் சுவர் இல்ல."

அவள் என்னைப் பார்க்கவில்லை. அடுத்த பெயரைச் சொன்னாள். யாருக்குக் காரம் ஆகாது, யார் வெள்ளிக்கிழமை மீன் கேட்பார்கள், யாருக்கு மாசக் கடைசியில் பணம் கேட்கக் கூடாது என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். நாற்பது பேரும் முடியும் வரை நான் அங்கேயே நின்றேன்.