யாரு ஜெயிச்சா?

லெஸ்டர் குறிப்பேட்டை மூடிவிட்டால், அதன் பிறகு பேசுவது எதுவும் பத்திரிகையில் வராது. டொலீடோ நகர அணியின் உடைமாற்றும் அறையில் எல்லோருக்கும் அது தெரியும். இருபத்தாறு வருடம் அமெரிக்கக் கால்பந்துச் செய்தி எழுதியதில் அந்த வாக்கை அவர் மீறியதே இல்லை.

அந்த அணியின் பழைய தடுப்பாட்டக்காரன் டூயியை அடக்கம் செய்துவிட்டு, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வயது ஐம்பத்து மூன்றுதான். கடைசி நான்கு வருடமாக அவனுக்குச் சட்டைப் பொத்தான் போடக்கூட மறந்துபோயிருந்தது.

"என்ன பேனாக்காரரே, இங்கயும் ஓசிச் சாப்பாடுதானா?" என்று பழைய ஆட்டக்காரன் ஒருவன் சீண்டினான். லெஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. டூயியின் மனைவி நோரீனிடம் இன்றாவது அதைச் சொல்லிவிட வேண்டும் என்று வந்திருந்தார்.

தனியாக உட்கார்ந்திருந்தவளிடம் போய்ச் சொன்னார். பதினெட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். எதிராளியின் முழங்கால் டூயியின் தலையில் இடித்தது. விழுந்து கிடந்தவன் எழுந்து கடைசிவரை ஆடினான். ஆட்டம் முடிந்ததும், "யாரு ஜெயிச்சா?" என்று லெஸ்டரிடம் கேட்டான்.

"உங்க ஆளுங்கதாண்டா."

காலுறையைக் கழற்றிக்கொண்டே மறுபடி கேட்டான். மூன்றாவது முறையும் கேட்டான். லெஸ்டரின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கே புரிந்துவிட்டது.

"இத எழுதிராதீங்க. என் இடத்துக்கு ரெண்டு பேர் காத்துக்கிட்டிருக்கானுங்க."

லெஸ்டர் குறிப்பேட்டை மூடினார். அணியின் காயப்பட்டியலில் 'கழுத்துச் சுளுக்கு' என்று போட்டிருந்தார்கள். அவரும் அப்படியே எழுதினார். 'இவனைச் சாய்க்க லாரிதான் வேண்டும்' என்று அழகுக்கு ஒரு வரியும் சேர்த்தார்.

"உங்ககிட்டயாவது அன்னைக்கே சொல்லியிருக்கணும்," என்றார்.

நோரீன் மேசைவிரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க? அன்னைக்குக் காரு ஓட்டுனது நான். நம்ம வீடு எந்தத் தெருன்னு கேட்டாரு. விடிஞ்சதும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சாவிய எடுத்துட்டேன்."

"அப்புறம்?"

"பேப்பர நீட்டினாரு. 'பாரு, லெஸ்டரே எழுதியிருக்காரு, கழுத்துதான்'னாரு. நான் சொன்னா சண்டைக்கு வருவாரு, அணிக்காரங்க சொன்னா நான் நம்ப மாட்டேன். நீங்க பக்கத்துல நின்னு பாத்தவராச்சே." அவள் குரல் உயரவே இல்லை. "சாவியத் திரும்ப ஆணியிலயே மாட்டிட்டேன், லெஸ்டர்."

யாரோ விடைபெற வந்தார்கள். அவள் எழுந்து கை கொடுத்தாள். லெஸ்டர் உட்கார்ந்தே இருந்தார்.