மூன்று தலைகளும் நாலு மணிப் போட்டியும்

யார் கடை வாசலில் எட்டிப் பார்த்தாலும் "வாங்க, உக்காருங்க" என்றுதான் எனக்கு வாயில் வரும். பெண்களுக்கான அழகு நிலையம் வைத்து நாலு வருஷமாகிறது. ஒருத்தி தலையில் சாயம் ஊறும் முப்பத்தைந்து நிமிஷத்தில் இன்னொருத்திக்கு முடி வெட்டிவிடலாம் என்பது என் கணக்கு. அந்த முப்பத்தைந்து நிமிஷத்தை நம்பியே எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்வேன். என் கணவர் இதற்கு வைத்திருக்கும் பெயர் பேராசை. அவருக்கென்ன, சீவுவதற்குக்கூட அவர் தலையில் ஒன்றுமில்லை.

என் மகளுக்குப் பதினொரு வயது. நீச்சல் பழகுகிறாள். அவளுடைய முதல் இரண்டு போட்டிக்கும் நான் போகவில்லை. மூன்றாவது, சனிக்கிழமை நாலு மணிக்கு. காலையில் அப்பாவோடு கிளம்பும்போது, "உனக்கு வேலை இருக்கும்மா, பரவாயில்ல" என்றாள். முகத்தில் கோபம்கூட இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இன்றைக்கு என்ன ஆனாலும் போய் நிற்பது என்று தீர்மானித்து, மூன்று மணிக்குக் கடையைச் சாத்தப் போனேன்.

சரியாக அப்போது, வாடிக்கையாக வரும் டீச்சர் வந்து நின்றார்.

"திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறக்குது. தலைய பாரு, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி. அரை மணி நேரந்தானே?"

"வாங்க, உக்காருங்க."

டீச்சருக்குச் சாயம் பூசி பிளாஸ்டிக் தொப்பி மாட்டும்போது பல் டாக்டரம்மா வந்தார். வெறும் வெட்டுதானாம். அவருக்கு இடது பக்கம் காதளவுக்கு வெட்டி முடிப்பதற்குள் பேங்க் அக்கா வந்துவிட்டார். அவர் தலைக்கும் சாயம் பூசி, அலுமினியத் தாள் சுற்றி நிமிர்ந்தால் மணி மூன்று நாற்பது. டீச்சர் தலையை மூன்று ஐம்பதுக்கு அலசவேண்டும். டாக்டரம்மாவுக்கு வலது பக்கம் இன்னும் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. போன் வேறு அடித்தது, இன்னொரு வாடிக்கைக்காரி.

கத்தரிக்கோலை வைத்துவிட்டு, வெட்டிய முடிக்கு நடுவிலேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

"ஐயோ, என்னாச்சும்மா?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். போன் மட்டும் விடாமல் அடித்தது.

"முதல்ல அதை எடு. எடுத்து, இன்னைக்கு முடியாதுன்னு சொல்லு" என்றார் டாக்டரம்மா, பல்லைப் பிடுங்கும் குரலில்.

எடுத்தேன். சொன்னேன். மறுமுனையில், "அப்படியா, சரிம்மா, செவ்வாக்கிழமை வரேன்" என்று வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான். இதைச் சொல்லவா நாலு வருஷமாகப் பயந்து செத்தேன்?

"நீச்சல் குளம் எங்க இருக்கு?" என்று கேட்டார் டீச்சர்.

"ரெண்டு தெரு தள்ளி."

"அங்க தண்ணி இருக்கும்ல? என் தலைய அங்க அலசிவிடு. எழுந்திரு."

தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. முன்னால் பிளாஸ்டிக் தொப்பியோடு டீச்சர், பின்னால் தலையெல்லாம் வெள்ளித் தாள் மின்ன பேங்க் அக்கா, கழுத்தில் கட்டிய துணி பறக்க, பாதித் தலையோடு டாக்டரம்மா. நான் கையில் ஷாம்பு பாட்டிலோடு ஓடினேன். சிரிப்பு தாங்காமல் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினோம்.

நாங்கள் நுழையும்போது பிள்ளைகள் குளத்தின் விளிம்பில் வரிசையாக நின்றிருந்தார்கள். என் கணவர் எங்களைப் பார்த்து வாயைப் பிளந்தார். மகள் பார்வையாளர் பக்கம் திரும்பவே இல்லை. அம்மா வந்திருக்கமாட்டாள் என்று பழகிப்போன கழுத்து. கூப்பிட வாயெடுத்தேன், ஓடி வந்த மூச்சிரைப்பில் எனக்குக் குரலே எழும்பவில்லை.

டீச்சருக்கு எழும்பியது. முப்பது வருஷம் வகுப்பறையில் வளர்த்த குரல். "ஏய் பொண்ணு! இங்க பாரு, உங்கம்மா வந்திருக்கா!"

அவள் திரும்பினாள். என்னைப் பார்த்தாள், என்னோடு வந்த கூட்டத்தைப் பார்த்தாள். விசில் ஒலித்தது. மற்ற ஏழு பேரும் தண்ணீரில் பாய்ந்து பாதித் தூரம் போனபிறகும் அவள் எங்களையே பார்த்து, வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

"குதிடீ!" என்று நான் கத்தினேன்.

குதித்தாள். கடைசியாகத்தான் வந்தாள். சொட்டச் சொட்ட ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டபோது, "என்னாலதானேடா கண்ணு" என்றேன். அவள் இன்னும் இறுக்கினாள்.

பெண்கள் குளியலறையில் இரண்டு தலைகளை அலசினேன். டீச்சருக்கு நேரம் தப்பி, முடி கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. பத்து வயது குறைந்ததாக அவருக்குப் பூரிப்பு. வெளியே பெஞ்சில் உட்காரவைத்து டாக்டரம்மாவின் வலது பக்கத்தை நிதானமாக வெட்டினேன். என் மகள் துண்டைப் போர்த்திக்கொண்டு, தோழிகள் ஒவ்வொருத்தியையும் இழுத்து வந்து காட்டினாள்.

"இதான் எங்கம்மா. இவங்களாலதான் நான் கடைசியா வந்தேன்!"

பரிசு வாங்கிய பிள்ளையிடம்கூட அவ்வளவு பெருமை இல்லை.