கிராமர்ல கொஞ்சம் வீக்

...இருபதுக்கு நாலு, சிவப்பு மையில் வட்டம் போட்டாயிற்று, திருத்தியதில் தப்பொன்றும் இல்லை, நௌன் என்று எழுத வேண்டிய இடத்தில் வாணி வெர்ப் என்று எழுதியிருந்தாள், பிரிபோசிஷன் என்றால் என்னவென்றே அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை, தெரியாததால்தானே அம்மா இங்கே டியூஷனுக்கு அனுப்பியிருக்கிறாள்... ஷீலா பேனாவை மூடினாள். மற்ற பிள்ளைகள் போய்விட்டார்கள், சுங்கைப் பட்டாணியின் சாயங்கால நெரிசல் சத்தம் கடைமாடி வரைக்கும் ஏறி வந்துகொண்டிருந்தது, வாணி மட்டும் கடைசி பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவுக்காகக் காத்திருந்தாள். அவள் பக்கம் பார்க்கப் பிடிக்காமல் ஷீலா வெண்பலகையைப் பார்த்தாள். எட்டுக் கட்டங்கள், பெயர்ச்சொல்லில் தொடங்கி வியப்புச்சொல் வரைக்கும், அந்த எட்டும்தான் அவளுக்குச் சோறு போடுகின்றன, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை தப்பாமல் சொல்வாள், அதைத் தமிழில் விளக்கிச் சொல்லிக் கொடுத்துத்தான் எத்தனையோ தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஏ வாங்கியிருக்கிறார்கள், அது பொய்யா, பொய்யில்லையே. பிறகு ஏன் இன்னும் காது எரிகிறது?

இன்று வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது வாணி ஒரு கேள்விதான் கேட்டாள். கேட்டாள் என்றா சொல்வது, பேசினாள், அம்மா சிஃப்டுக்குப் போகும் நேரமெல்லாம் கைப்பேசியில் எதையெதையோ பார்த்துப் பழகிய நாக்கு, ஆங்கிலம் தண்ணீர் மாதிரி கொட்டியது. ஷீலா அதிலிருந்து சொற்களைப் பொறுக்கினாள், புக் நௌன், ரைட் வெர்ப், ஆன் பிரிபோசிஷன்... பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே மீதி ஓடிவிட்டது. யெஸ், யெஸ், வெரி குட் என்றாள். வகுப்பு அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தது, இரண்டு பேர் குனிந்து சிரித்தார்கள். அப்போதுதான் வாணி எழுந்து பலகைக்குப் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "புக்குலயே எழுதவா, இல்ல தாள்ல எழுதவான்னு கேட்டேன் டீச்சர்" என்றாள். அந்தக் குரலைத்தான் தாங்க முடியவில்லை. கேலி செய்திருந்தால் ஓர் அதட்டலோடு போயிருக்கும். அலோர் ஸ்டாரில் ஒரு வேலைக்கு நேர்முகத்துக்குப் போனபோதும் இதே குரல்தான், உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அந்த அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார், பரீட்சையில் வாங்கிய ஏ பையில் இருந்தது, வாயில் இரண்டு வாக்கியம் இல்லை, அவர் இரக்கப்பட்டு மெதுவாக மலாய்க்கு மாறினார்... வேலை கிடைக்காதது கூட மறந்துவிட்டது, அந்த இரக்கம் மறக்கவில்லை. அதனால்தானா, "நீ போய் மூணாம் வகுப்புப் பிள்ளைங்களோட உக்காரு, உனக்கு அடிப்படையே இல்ல" என்று சொன்னாள்? அந்தப் பிள்ளை பையை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தது.

படியில் காலடிச் சத்தம். வாணியின் அம்மா இராசாத்தி, கூலிம் தொழிற்சாலைச் சீருடையோடு, கையில் ஹெல்மெட், மூச்சு வாங்கிக்கொண்டு. "மன்னிச்சிருங்க டீச்சர், ஓவர்டைம் போட்டுட்டாங்க லா. ஒண்ணு கேக்கணும். ஸ்கூல்ல இவள இங்கிலீஷ் பேச்சுப் போட்டிக்கு எடுக்கறாங்களாம், மாவட்ட அளவுல. நாளைக்கு நான் பதில் சொல்லணும். ஏதோ கடகடன்னு பேசறா, சரியா பேசறாளா தப்பா பேசறாளா, எனக்கு என்னா தெரியும்? நீங்க சொன்னா சரி. அனுப்பலாமா?"

சொல்லிவிடு. உன் பிள்ளை என்னைவிட நன்றாகப் பேசுகிறாள், அனுப்பு, அவ்வளவுதான், தமிழில்தான் சொல்லப்போகிறாய், அதற்குக் கூடவா நாக்கு வரவில்லை... சொன்னால் வாணி மேடையேறுவாள், யாரிடம் படிக்கிறாய் என்று கேட்பார்கள், ஷீலா டீச்சர் என்பாள், பிறகு பெரிய இடத்துப் பெற்றோர்கள் இந்த மாடியேறி வந்து ஆங்கிலத்தில் பேசுவார்கள், அப்போது யெஸ் யெஸ் வெரி குட் என்று நிற்பதா... கை தானாகத் தாளை எடுத்து நீட்டியது. "கிராமர்ல கொஞ்சம் வீக்கா இருக்கா இராசாத்தி. இந்த வருஷம் வேண்டாம். அடுத்த வருஷம் பாப்போம்."

இராசாத்தி சிவப்பு வட்டத்தைப் பார்த்தாள், முகம் சின்னதாகிப் போனது. "நல்ல வேளை உங்ககிட்ட கேட்டேன் டீச்சர், அத்தன பேரு முன்னாடி அசிங்கப்பட்டிருப்பா" என்றாள், மகள் பக்கம் திரும்பி, "எப்பப் பாத்தாலும் போன நோண்டு. டீச்சர் மாதிரி ஒழுங்கா படிச்சாதான இங்கிலீஷ் வரும்" என்றாள். இப்போது சொல்லப்போகிறாள், டீச்சருக்குத்தான் இங்கிலீஷ் தெரியாது என்று இந்தப் பிள்ளை சொல்லப்போகிறாள், சொல்லட்டும், சொல்லிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும்... வாணி ஷீலாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். "சரிங்க டீச்சர், படிக்கிறேன்" என்றாள். பையை மாட்டிக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் இறங்கினாள்.

ஷீலா ஜன்னலோரம் போய் நின்றாள். கீழே இராசாத்தி மோட்டரைத் திருப்பிக்கொண்டிருந்தாள், வாணி ஹெல்மெட் வாரை மாட்டத் தெரியாமல் இழுத்துக்கொண்டிருந்தாள், இன்னும் நேரம் இருக்கிறது, ஒரு குரல் கொடுத்தால் போதும், இராசாத்தி மேலே பார்ப்பாள், ஜன்னல் திறந்துதான் இருக்கிறது, கூப்பிடு, பேரைச் சொல்லிக் கூப்பிடு... வாய் திறக்கவில்லை. மோட்டர் ஒரு தடவை இருமி நின்றுபோனது. ஷீலா பயந்தாள். ஸ்டார்ட் ஆகிவிட வேண்டும், சீக்கிரம் போய்விட வேண்டும் என்றுதான் இவ்வளவு நேரமும் தான் வேண்டிக்கொண்டு நின்றிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.