காணாமற்போன சனிக்கிழமை

"அப்படி என்னதான் செய்யறே அங்க?" என்று கல்யாணமான புதிதில் கணவன் கேட்டான்.

"பொத்தான்."

"சட்டைக்கா?"

"போன்ல அமுக்குவீங்களே, அது. ஒரு தடவை செஞ்சா எங்க கம்பெனி போடற எல்லா வெப்சைட்டுக்கும் அதே பொத்தான்தான்."

"அப்ப செஞ்சு முடிச்சப்புறம் உனக்கு என்ன வேலை?"

அன்று அவள் சிரித்துவிட்டாள். ஆனால் அந்தக் கேள்வி தொண்டையில் முள்ளாகத் தங்கிவிட்டது. வெப்சைட்டின் ஒரு பாகம் முடிந்ததும் அதைச் செய்தவரை முதலாளி வேலையை விட்டு அனுப்பிவிடுவார். மெனு செய்தவள் போனாள். காலண்டர் செய்த அண்ணன் நேற்றுப் போனார். "உன் வேலை நிக்குமான்னு முதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேளேன்" என்று கணவன் நச்சரிப்பான். "கேக்கறேன், கேக்கறேன்" என்பாள்.

இன்று விடியுமுன்பே முதலாளி எல்லோரையும் வரவழைத்திருந்தார். மருத்துவமனை, சலூன் என்று எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் முன்பதிவுக் காலண்டரில் சனிக்கிழமையைக் காணோம். கண் எரிய, கழுத்து மரக்கட்டையாக இறுக, அவள் வரிவரியாகத் தேடினாள். கடைசியில் கண்டுபிடித்தாள். கட்டைவிரலுக்கு வசதியாக இருக்கட்டும் என்று நேற்று தன் பொத்தானைச் சற்றுப் பெரிதாக்கியிருந்தாள். காலண்டரின் ஒவ்வொரு தேதிக்குள்ளும் இருப்பது அவளுடைய பொத்தான்தான். எல்லாம் பருத்ததில் கடைசி வரிசையான சனிக்கிழமை போன் திரைக்கு வெளியே போய்விட்டது.

பழையபடி சிறிதாக்கினாள். சனிக்கிழமை வந்து உட்கார்ந்தது.

"போறப்ப அந்தக் காலண்டர்காரன் கைவரிசையக் காட்டிட்டான்" என்று முதலாளி உறுமினார். "போலீஸ்ல குடுக்கறேன் பாரு."

பக்கத்தில் இருந்த தேடல்பெட்டி செய்பவள் இவள் தொடையைக் கிள்ளினாள். "சும்மா இருடி."

இவளால் இருக்க முடியவில்லை. எழுந்தாள்.

"அவர் இல்ல சார். நான்தான். என் பொத்தானைப் பெருசாக்கினேன்."

"அப்ப நீயும் கிளம்பு."

கிள்ளியவளே எழுந்துவிட்டாள். "அவ மட்டும் எப்படி சார்? அவ மாத்தினதை நான்தான் பார்த்துட்டு சரின்னு விட்டேன்."

படிவம் செய்பவன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். "என் படிவத்துலயும் அவ பொத்தான்தான் சார். நாளைக்கு அது மக்கர் பண்ணா யாரைத் தேடுவீங்க?"

"என்னடா, கூட்டணியா?"

"ஒண்ணோட ஒண்ணு கோத்து வைக்கச் சொன்னது நீங்கதான சார்!"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நாற்காலிகள் ஒவ்வொன்றாக நகரும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தொண்டையில் முள் இருந்த இடத்திலிருந்து குரல் வந்தது.

"காலண்டர் அண்ணனைத் திரும்பக் கூப்பிடுங்க சார். பாகம் முடிஞ்சிருச்சுன்னு இனிமே எங்கள்ல யாரையும் அனுப்பக் கூடாது."