கேமராவுக்குத் தெரிந்த அன்புச்செல்வன்

என் பேர் தமிழ்மாறன். நிலக்கரி மைன்ஸில் பதினோரு வருஷமாக நான் அன்புச்செல்வன். அது என் அண்ணன் பேர். அவன் அங்கே காண்ட்ராக்டரிடம் மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு மலேசியாவுக்குப் போனபோது, "நம்ம ரெண்டு பேர் மூஞ்சியும் ஒரே அச்சுதான், போடா" என்று தன் கேட் பாஸை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். எங்கள் கேங்கில் இப்படி இன்னும் இரண்டு பேர் உண்டு, யாரும் யாரையும் தோண்டுவதில்லை.

"அன்பு" என்றால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன். கன்வேயர் பெல்ட்டில் விரல் நசுங்கியபோது ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியது அன்புச்செல்வன் என்றுதான். வலித்தது யாருக்கென்று எவன் கேட்டான்?

போன வருஷம் முகம் பார்த்து வருகை பதியும் கேமரா வைத்தார்கள். தொலைந்தேன் என்று வேண்டாத சாமியில்லை. போய் நின்றால், "வணக்கம் அன்புச்செல்வன்" என்கிறது. பாஸிலிருக்கும் பழைய போட்டோவில் ஆரம்பித்து, தினமும் வருகிற முகத்தைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளுமாம். நரைத்தாலும் விடாதாம். சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

இந்த மாதம், காண்ட்ராக்ட் ஆட்களைப் பர்மனன்ட் ஆக்கும் லிஸ்டில் அன்புச்செல்வன் பேர் வந்தது. சேதி தெரிந்து அண்ணன் ஊருக்கு வந்துவிட்டான். எனக்குக் கோபம் மண்டைக்கேறியது. பதினோரு வருஷம் கரித்தூசி தின்றவன் நான். ஆனால் பேர் அவனுடையது, சர்டிபிகேட் அவனுடையது. எனக்கும் இரண்டு பெண்கள், அவனுக்கும் இரண்டு பெண்கள். மூன்று நாள் சண்டை போட்டுவிட்டு, "நீயே போய்த் தொல" என்றேன்.

ஆளையும் சர்டிபிகேட்டையும் சரிபார்க்கும் நாளில் அவன் உள்ளே போனான். மனசு கேட்காமல் நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். கேமரா முன்னால் மூன்று முறை நின்றான், மூன்று முறையும் "பதிவில் இல்லாத நபர்" என்றது. ஆதாரை நீட்டினான். சூப்பர்வைசர் சுப்பிரமணியன் அதைத் தொடவே இல்லை.

"அட்டைய எவன் வேணா எடுத்துக்கினு வருவான். மூஞ்சிய எடுத்துக்கினு வர முடியுமா?" என்றவர், போலீஸைக் கூப்பிடப் போவதாகச் சொன்னார். அப்போதுதான் என்னைப் பார்த்தார். "அன்பு, இங்க வா. யாரு இந்த ஆளு?"

நான் கிட்டே போனதும், கேட்காமலேயே கேமரா எனக்கு வணக்கம் சொன்னது.

உண்மையைச் சொன்னால் இரண்டு வீட்டு அடுப்பும் அணையும். பொய் சொன்னால் கூடப்பிறந்தவனைக் கம்பி எண்ண வைப்பேன். அம்மா என்னை மாறா என்று கூப்பிட்டதும், அவனோடு ஏரியில் நீந்தியதும் எனக்குள் அப்படியே இருக்கின்றன. அதெல்லாம் அந்தப் பெட்டிக்கு எங்கே தெரியும்? அது தெரிந்தவன் அண்ணன் ஒருத்தன்தான். அவனைப் பார்க்காமல் கேமராவையே பார்த்தேன். வெட்கக்கேடு.

அண்ணன் ஆதாரைப் பைக்குள் போட்டுக்கொண்டு கைகூப்பினான்.

"நான் இவரு தம்பி சார், தமிழ்மாறன். பர்மனன்ட்டுன்னதும் புத்தி கெட்டுப்போய் அண்ணன் அட்டைய எடுத்துக்கினு வந்துட்டேன். மன்னிச்சிடுங்க."

சுப்பிரமணியன் வாயில் வந்தபடி அவனைத் திட்டினார். எல்லாவற்றையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டான். பிறகு, இரண்டு வயசு மூத்தவன், என் முகத்தைப் பார்க்காமலே கேட்டான். "வூட்டுக்குப் போவட்டுமாண்ணா?"

"போ தம்பி. ஷிப்ட் முடிச்சிட்டு வரேன்" என்றேன்.

என் வாய்தான் சொன்னது. சொன்னது யாரென்று எனக்கு விளங்கவில்லை.