மகாராணிக்குப் போட்ட தாழ்ப்பாள்

பூட்டுக்காரர் வீட்டிலேயே நாய் கதவைப் பிறாண்டுகிறது என்றால் தெரு சிரிக்காமல் என்ன செய்யும்? யார் வீட்டுச் சாவி தொலைந்தாலும், யார் குழந்தை குளியலறைக்குள் தாழிட்டுக்கொண்டாலும் ஓடிப்போய்த் திறந்துவிடுகிற மனிதர் அவர். அவருடைய மாடி வீட்டுக் கதவின் கீழ்ப்பலகையை ஒரு செம்பட்டை நாய் சாயம் போய் மரம் தெரிகிற அளவுக்குச் சுரண்டி வைத்திருந்தது. "என்ன பூட்டுக்காரரே, உள்ள மாட்டிக்கிட்டீங்களா?" என்று கீழ்வீட்டுத் தபால்காரர் படியேறும்போதெல்லாம் கேட்பார். கேட்டுவிட்டு அவரே சிரித்தும்கொள்வார்.

நாய்க்கு மகாராணி என்று பேர் வைத்தது அக்கா. வீட்டில் பூட்டுக்காரரும் அக்காவும் மட்டும்தான். இரண்டு பேருக்குமே கல்யாணம் கூடிவரவில்லை. கூடிவராததைப் பற்றிப் பேசுவதையும் எப்போதோ விட்டுவிட்டார்கள். அக்காவுக்கு வீட்டிலிருந்தே வேலை. வாஷிங் மெஷின் கம்பெனிக்கு வருகிற புகார்களைக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கேட்பாள். யாராரோ திட்டுவார்கள். இவள் தேன் ஒழுகப் பதில் சொல்லிவிட்டு, அந்தத் திட்டையெல்லாம் சேர்த்துவைத்துத் தம்பியிடம் கொட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் கேட்கவும் அதே ஹெட்போன்தான். கழற்றினால் காது அம்மணமாக இருக்கிற மாதிரி இருக்கிறதாம்.

மகாராணி வந்தது காப்பகத்திலிருந்து. அதை வளர்த்த புண்ணியவான்கள் வீட்டைக் காலிசெய்துகொண்டு போனபோது சாமான்களையெல்லாம் ஏற்றிவிட்டு, நாயை மட்டும் உள்ளே விட்டுப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அக்கம்பக்கத்தார் ஊளை கேட்டுக் கதவை உடைத்தபோது அது எழுந்து நிற்கவே தெம்பில்லாமல் கிடந்ததாம். அப்புறம் இரண்டு குடும்பங்கள் ஆசைஆசையாக எடுத்துக்கொண்டு போய், வீட்டைக் குட்டிச்சுவர் ஆக்குகிறது என்று கொண்டுவந்து தள்ளிவிட்டன.

"மூணாவது தடவையும் திரும்பி வந்துச்சுன்னா பின்னாடிக் கொட்டடிக்குத்தான் அனுப்பணும் சார்" என்று காப்பகத்து மேடம் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார். "நாய் எடுக்க வர்றவங்களை நாங்க அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போறதில்லை. அங்க போனது அங்கேயேதான். ஒரு மாசம் பாருங்க. நான் வந்து பார்த்துட்டு முடிவு சொல்றேன்."

"எங்க வீட்டைவிட்டு எங்கயும் போகாது மேடம். பூட்டு விஷயமெல்லாம் எனக்கு விடுங்க" என்றார் பூட்டுக்காரர், பெரிய இவர் மாதிரி.

சும்மா சொல்லக்கூடாது, மகாராணியால் வீட்டுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது உண்மை. காலையில் மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போனால் தன் நிழலையே துரத்திக்கொண்டு சுற்றிச்சுற்றி ஓடும். காய்ந்துகொண்டிருக்கிற துண்டைப் பிடுங்கிக்கொண்டு, முடிந்தால் பிடி என்று பார்க்கும். அக்கா வேலையில் இருக்கும்போது அவள் பாதத்தின்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொள்ளும். புகார் சொல்கிறவர் கத்தினால் இதுவும் கூடச் சேர்ந்து ஒரு ஊளை விடும். "அங்க என்னம்மா சத்தம்?" என்று ஒருவர் கேட்டதற்கு, "எங்க மேலதிகாரிங்க சார், உங்க புகாரைக் கேட்டு வருத்தப்படறாங்க" என்று அக்கா அளந்துவிட்டாள். அந்த ஆள் சமாதானமாகி போனை வைத்துவிட்டாராம்!

ஆனால் சாயங்காலம் ஆனால் போதும், மகாராணிக்கு இருப்புக்கொள்ளாது. கதவுக்கும் மேசைக்கும், மேசைக்கும் ஜன்னலுக்கும் நடை. நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூச்சு வாங்கும். திடீரென்று கதவில் பாய்ந்து பிறாண்டும். பிடித்து இழுத்தால் அதன் நடுக்கம் பிடித்த கையில் தெரியும். பூட்டுக்காரர் தொடப்போனால் மட்டும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு விலகிவிடும். அக்காவிடம் ஒட்டிக்கொள்கிற நாய் தன்னை மட்டும் ஏன் அண்டவிடவில்லை என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு குறை. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

"ஊர் சுத்துற புத்தி" என்று அவர் தீர்ப்புச் சொன்னார். "வெளிய ஓடத்தான் துடிக்குது. கதவு கொஞ்சம் ஆடுதில்ல, அதான் அதுக்குத் தைரியம். கதவு அசையவே அசையாதுன்னு தெரிஞ்சா அடங்கிடும்."

தொழில் புத்தி எங்கே போகும்? முதலில் கதவின் அடியில் ஒரு தாழ்ப்பாள் போட்டார். மகாராணி அதை மூக்கால் தூக்கிவிட்டது. அடுத்து நடுவில் ஒரு கொக்கி. அப்புறம் கதவு நிலையில் இரும்புத்தகடு அடித்துப் புதுப் பூட்டு. ஒவ்வொன்றையும் போட்டு முடித்ததும் அவர் வழக்கப்படி மூன்று முறை சோதித்துப் பார்ப்பார். டக், டக், டக். ஒரு தடவை பூட்டுக்காக, ஒரு தடவை சாவிக்காக, ஒரு தடவை தன் மனசுக்காக. தொழில் கற்றுக்கொண்ட நாளிலிருந்து இதுதான் பழக்கம். வெளியே கிளம்பும்போதும் அப்படித்தான். பழுது பார்க்க வந்த பூட்டுகளைச் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் பரப்பிக்கொண்டு அரத்தால் ராவும்போதும் அப்படித்தான். ஒன்று முடிந்தால் டக், டக், டக். அடுத்தது முடிந்தால் டக், டக், டக்.

அந்தச் சத்தம் அவர் காதில் விழுவதே இல்லை. நம் மூச்சுச் சத்தம் நமக்குக் கேட்கிறதா என்ன? அக்காவோ ஹெட்போனுக்குள் குடியிருக்கிறவள். ஆக அந்த வீட்டில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஜீவன் ஒன்றே ஒன்றுதான்.

இதற்கு நடுவில் ஒரு நாள் காலையில் தபால்காரர் வீட்டம்மா ஏணி இரவல் கேட்டு வந்தாள். அதைத் தூக்கிக்கொண்டு போன அவசரத்தில் கதவைச் சாத்தாமலே போய்விட்டாள். பூட்டுக்காரர் மதியம் சாப்பிட வந்து பார்த்தால் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. உள்ளே ஓடினால் மகாராணி அக்காவின் காலடியில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது! "நல்லவேளை, தூங்கிடுச்சு. முழிச்சிருந்தா ஓடியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே கதவைச் சாத்தினார். டக், டக், டக். மகாராணி எழுந்து நடக்க ஆரம்பித்தது.

காப்பகத்து மேடம் வருவதற்கு முந்தின நாள் மகாராணி பிறாண்டியதில் முன்னங்காலில் ஒரு நகம் பெயர்ந்து ரத்தம் வந்துவிட்டது. பூட்டுக்காரர் பதறிப்போனார். அக்கா கட்டுப்போட்டாள். கட்டுப்போட்ட கடுப்பிலோ என்னவோ, அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் மகாராணி ஹெட்போன் வயரைத் துண்டுதுண்டாகக் கடித்துப் போட்டுவிட்டது.

"நாசமாப் போச்சு! இதை வெச்சு நான் எப்படிடா பொழைக்கிறது?" என்று அக்கா கத்தினாள். "நாளைக்கு அந்தம்மா வந்து இந்தக் காலைப் பார்த்தா என்ன சொல்வாங்க? கூட்டிட்டுப் போயிடுவாங்கடா."

"போகவிட மாட்டேன்" என்றார் பூட்டுக்காரர். தன்னோடு ஒட்டாத ஒரு நாய்க்காக ஏன் இப்படித் துடிக்கிறோம் என்று அவருக்கே விளங்கவில்லை. தன் கடைக்குப் போய், இருப்பதிலேயே உறுதியான தாழ்ப்பாளை எடுத்துக்கொண்டு வந்து கதவில் மாட்டினார். விரல் தடிமன் உருக்கு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மேடம் வந்தார். களைத்த முகம், சேலை முழுக்க நாய் முடி. மகாராணியின் கட்டைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

"கவலையே படாதீங்க மேடம்" என்று பூட்டுக்காரர் முந்திக்கொண்டார். "இத்தனை நாள் தாழ்ப்பாள் சரியில்லை. இப்ப பாருங்க. யானை முட்டினாலும் அசையாது."

டக். சோபா அடியில் கிடந்த மகாராணியின் காதுகள் பின்னால் படிந்தன. டக். உடம்பு வெடவெடவென்று ஆடியது. டக். எழுந்து கதவில் பாய்ந்தது. கட்டு அவிழ்ந்து தொங்க, பெயர்ந்த நகத்தோடு மரத்தைப் பிறாண்டோ பிறாண்டென்று பிறாண்டியது. கதவில் சிவப்பாகக் கோடு விழுந்தது.

"போதும் சார்" என்றார் மேடம். குரலில் கோபம் இல்லை. அதுதான் பூட்டுக்காரருக்கு அதிகம் வலித்தது. "நீங்க நல்ல மனுஷங்கதான். ஆனா இங்க இருந்தா அது தன்னைத்தானே கடிச்சுக் குதறிக்கும். நான் கூட்டிட்டுப் போறேன்."

அக்கா கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பூட்டுக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். மகாராணி நொண்டிக்கொண்டே, அடம் பிடிக்காமல் கூட வந்தது. அடம் பிடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவருக்கு. வேனுக்குள் இருந்த கம்பிக் கூண்டில் அதுவாகவே ஏறி உட்கார்ந்தது. மேடம் கூண்டைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினார்.

டக்.

பூட்டுக்காரருக்குச் சுரீரென்றது. வாழ்நாள் முழுக்கத் தன் கையால் எழுப்பிய சத்தம். அன்றைக்குத்தான், வேறு ஒருவர் கையிலிருந்து வந்தபோதுதான், முதல்முறையாக அவர் காதில் விழுந்தது. உள்ளே மகாராணி கம்பியில் மோதியது. மோதிவிட்டு மறுபடியும் மோதியது.

"மேடம், திறங்க."

"சார், ப்ளீஸ். கஷ்டமாத்தான் இருக்கும்..."

"அய்யோ, திறங்க மேடம்! அது ஓடப் பார்க்கலை. அந்தச் சத்தம்... அதை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போயிட்டாங்களே, அந்தச் சத்தம் அது!"

அந்தக் கூண்டுத் தாழ்ப்பாளை அவர் கண்ணை மூடிக்கொண்டு திறந்துவிடலாம். கை தானாகத் தாழ்ப்பாளை நோக்கிப் போயிற்று. போன கையை இழுத்துக் கும்பிட்டார். அதற்குள் படியில் செருப்புகூட இல்லாமல் தடதடவென்று அக்கா ஓடிவந்தாள்.

"டேய், நீதான்டா!" அவளுக்கு மூச்சு இரைத்தது. "நீ டக்கு டக்குன்னு ஆட்டுறப்பல்லாம்தான்டா அது துடிக்குது! இன்னிக்குத்தான் எனக்குக் காதுன்னு ஒண்ணு இருந்துச்சு. மேடம், அன்னிக்கு ஒரு நாள் காலையிலேர்ந்து மதியம் வரைக்கும் கதவு திறந்து கிடந்துச்சு, இது எங்கயாவது போச்சா? என் கால்ல தூங்கிட்டு இருந்துச்சு. பூட்டினப்புறம்தான் பேயாட்டம் ஆடுச்சு!"

மேடம் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். அப்புறம் கூண்டைத் திறந்து, திறந்தபடியே விட்டுவிட்டு நாலடி தள்ளி நின்றார். தெரு அகலமாகக் கிடந்தது. மகாராணி நினைத்திருந்தால் ஒரே தாவலில் போயிருக்கலாம். அது மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. திறந்த கூண்டையே பார்த்தது. பிறகு கூண்டுக்குள்ளேயே மெதுவாகப் படுத்துக்கொண்டது.

பூட்டுக்காரர் நடுத்தெருவில் அழுதார். தபால்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

"அடுத்த ஞாயிறு வர்றேன்" என்றார் மேடம். "அந்தக் கால் ஆறியிருக்கணும். புதுசா ஒரு காயம் இருந்தாலும் நான் யார் பேச்சையும் கேட்கமாட்டேன்."

மாடிக்கு வந்ததும் பூட்டுக்காரர் மகாராணியை அக்காவோடு மொட்டைமாடிக்கு அனுப்பிவிட்டுத் திருப்புளியை எடுத்தார். உருக்குத் தாழ்ப்பாள், கொக்கி, அடித்தாழ்ப்பாள், கடைசியில் பூட்டும் கழன்றது. எல்லாவற்றையும் பழைய துண்டில் சுற்றி, மேசையில் கிடந்த பழுதுப் பூட்டுகளையும் சேர்த்து மூட்டை கட்டிக் கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார். கதவில் ஓட்டைகள் மட்டும் மிச்சம்.

"ராத்திரி எவனாவது உள்ள வந்தா?" என்றாள் அக்கா, இறங்கி வந்து பார்த்துவிட்டு.

"பூட்டுக்காரன் வீடு பூட்டாம கிடக்கும்னு எந்தத் திருடன் நம்புவான்?"

வாய்தான் வீரம் பேசியது. கை கேட்கவில்லை. சாத்திய கதவுக்குப் போய்ச் சும்மா தொட்டுப் பார்த்தார். மேசைக்கு வந்தார், அங்கே ராவுவதற்கு ஒன்றும் இல்லை. ஜன்னலுக்குப் போனார். மறுபடி கதவு. விரல்கள் இல்லாத தாழ்ப்பாளைத் தேடின. நெற்றியில் வேர்த்தது. கதவுக்கும் மேசைக்கும், மேசைக்கும் ஜன்னலுக்கும் நடை.

மகாராணி கூடத்தின் நடுவில் படுத்து, முன்னங்காலை நக்கியபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் போனால் தலை அந்தப் பக்கம் போயிற்று. இந்தப் பக்கம் வந்தால் இந்தப் பக்கம் வந்தது.

"ஒண்ணு அடங்கிடுச்சு" என்றாள் அக்கா. "இந்த இன்னொண்ணை எந்தக் காப்பகத்துல கொண்டு போய் விடறது?"

கடைசியில் முடியாமல் போய், பூட்டுக்காரர் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். மகாராணி எழுந்து நொண்டிநொண்டி வந்தது. அவரை முகர்ந்து பார்த்தது, கையை முகர்ந்தது. கையில் இன்னும் இரும்பு வாசனை இருந்திருக்கும். அவர் அசையாமல் இருந்தார். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். அது இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, அவர் பாதத்தின்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது.

"அக்கா" என்றார் குரலே வராமல். "கால் மரத்துப் போகுது."

"போகட்டும். அசைஞ்சே, கொன்னுடுவேன்" என்றாள் அக்கா.