கருப்பன் மட்டும் தப்பினான்

எங்கள் ஃப்ளெக்ஸ் கடை ஒத்தக்கடையில் இருக்கிறது. முதலாளி ஹரிராம், வில்லாபுரத்துக்காரர். டிசைன் செய்வது நான், தமிழ்ச்செல்வி. அதைக் கெடுப்பது அவர்.

அன்று காலையில் அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து ரோகிணி என்று ஒரு பெண் வந்தாள். மறுநாள் அவள் மகளுக்குக் காதுகுத்து. மாமனார் சின்னச்சாமி ஏற்கெனவே ஃப்ளெக்ஸுக்குச் சொல்லியிருந்தார். சொந்தக்காரர்கள் படம் இருபதுக்கு மேல், அவரவர் பேர் போட்ட ஃபைலாக வாட்ஸ்அப்பில் வந்து குவிந்திருந்தது. இவள் தனியாக ஒரு பென் டிரைவ் கொண்டுவந்திருந்தாள்.

“அக்கா, இது எங்கண்ணன் அழகுபாண்டி. பிள்ளைக்குத் தாய்மாமன். போன தையில அவன் காளை கருப்பன் என் வீட்டுக்காரரை விரட்டி, அவரு ட்ரவுசர் கிழிஞ்சு ஓடுன வீடியோ ஊர் பூராம் சுத்திருச்சு. அதுலருந்து மாமா பேச்சுவார்த்தையே இல்லன்னுட்டாரு. போர்டுல படம் இல்லாட்டி அண்ணன் வாசப்படி மிதிக்க மாட்டான்க்கா. எம்பிள்ளை யார் மடியில உக்காந்து காது குத்தும்?”

சொல்லிவிட்டு அழுதாள். பெற்ற வயிறு, என்ன செய்யும்? எனக்கும் மனசு கேட்கவில்லை. படத்தில் காளை முக்கால்வாசி, அண்ணன் கால்வாசி. ஃபைலுக்கு ‘கருப்பன்’ என்று பேர் போட்டு மற்றப் படங்களோடு சேர்த்து வைத்தேன்.

அவள் பஸ் ஏறிய கொஞ்ச நேரத்தில் சின்னச்சாமி போன் போட்டார். முதலாளி ஸ்பீக்கரில் வைத்தார்.

“யோவ், எவனாவது அழகுபாண்டி படத்தை அனுப்பியிருப்பான். அந்த மூஞ்சி போர்டுல தெரிஞ்சுச்சு, போர்டையும் கிழிப்பேன், உன் கடையையும் கிழிப்பேன்!”

படத்தை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து எடுத்திருக்கலாம். ஆனால் முதலாளி யூடியூபில் கம்ப்யூட்டர் கமாண்டு படித்தவராயிற்றே! கமாண்டு அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

“அவன் பேரை எவன் எவன் எப்படி எப்படி அடிச்சு அனுப்பிருக்கானோ. டெலீட் போட்டு, அழகுன்னு அடிச்சு பின்னாடி ஒரு ஸ்டாரை வச்சா, அழகுன்னு பேர் ஆரம்பிக்கிற படம் அம்புட்டும் காலி. மிச்சத்துக்கு என்ன இருந்தாலும் ஸ்டார் பாத்துக்கும்.”

“அண்ணே, அவங்க அழகரைக் கும்பிடுற ஆளுக. சின்னச்சாமியையும் பிள்ளையையும் தவிர வீட்டுல அம்புட்டுப் பேரும் அழகுதேன். அழகுமலை, அழகுராஜா, அழகுமுத்து...”

“நீ டிசைனை மட்டும் பாரு தாயி.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கருப்பன் படத்தைப் பற்றிச் சொல்லிவிட நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். அவர் என்டரைத் தட்டினார். அழகு என்று பேர் தொடங்கிய படம் அத்தனையும் அழிந்தது.

எங்கள் சாஃப்ட்வேர், இருக்கிற படங்களைப் பெரிதாக்கி இடத்தை நிரப்பிவிடும். ஒரே வரியில் வேலை முடிந்த குஷியில், முதலாளி திரும்பிக்கூடப் பார்க்காமல் பிரிண்டுக்கு அனுப்பினார்.

மறுநாள் ஊர் முக்கில் போர்டு நின்ற கோலத்தை ரோகிணி போனில் சொன்னாள். நடுவில் குழந்தை. இந்தப் பக்கம் கைகூப்பிய சின்னச்சாமி. அந்தப் பக்கம் எட்டடி உயரத்தில் கருப்பனும் அழகுபாண்டியும். பார்த்தவர்களெல்லாம், பெரியவர் காளையிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்றே நினைத்தார்களாம்! அழகுபாண்டி கொட்டுமேளத்தோடு சீர் கொண்டுவந்து, “மாமா, எம்மேல இம்புட்டுப் பாசமா!” என்று காலில் விழுந்துவிட்டான். அது கம்ப்யூட்டர் செய்த கோளாறு என்று ஊர் நடுவில் பெரியவர் எப்படிச் சொல்வார்? தூக்கிவிட்டிருக்கிறார்.

திங்கட்கிழமை சின்னச்சாமியே கடைக்கு வந்தார்.

“யாருய்யா இதைப் பண்ணுனது?”

“நான்தேண்ணே. ஒரே வரி!” முதலாளி நெஞ்சை நிமிர்த்தினார். பாவி மனுசன் அடி வாங்கப்போகிறார் என்று நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன்.

பெரியவர் போனை நீட்டினார். தாய்மாமன் மடியில் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. பக்கத்தில் ரோகிணி வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“எம்மருமக இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லய்யா,” என்றார். போனைச் சட்டைப்பையில் போட்டார். பிறகு குரலை உயர்த்தினார். “ஆனா அழகுப்பயலுக அத்தன பேரும் சாப்பிடாம எந்திரிச்சுப் போயிட்டானுக. இன்னொரு போர்டு அடி. ஒருத்தன் விடக்கூடாது!”

“அதுக்கென்னண்ணே, ஒரு ஸ்டாரைப் போட்டா...”

நான் கீபோர்டைப் பிடுங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.